பாய் கடைப் பலகையில் ஏறிய மைனா

என்னிடம் இருப்பது ஒரே ஒரு லென்ஸ். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம் இருக்கும். அதைக் கேமராவில் மாட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு ஜொகூரில் எங்கள் ஊரான மாசாயின் கடைத்தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். மரியாதை என்று நினைத்து நெடுநாள் சந்தோஷப்பட்டேன்.

"மரியாதை இல்ல, பயம்," என்று என் மனைவி விளக்கினாள். "தெரியாம இடிச்சு அது கீழ விழுந்தா, நீங்க நடுரோட்டுல உக்காந்து அழுவீங்கன்னு."

அது பறவைகளைப் படம் எடுப்பதற்கென்றே செய்த லென்ஸ். தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும். கிட்டே இருப்பதை என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. நாலைந்து எட்டுக்குள் எது வந்து நின்றாலும் வெறும் மூட்டம்தான். கூட்டிக் குறைக்கும் வசதியும் கிடையாது. படத்துக்குள் கொஞ்சம் கூடுதலாக எதுவும் வர வேண்டுமென்றால் நான்தான் பின்னால் நடக்க வேண்டும். அதனால் வீட்டுக்குள் அதை வைத்து ஒன்றும் எடுக்க முடியாது. ஒருமுறை மகள் கேக் வெட்டுவதை எடுக்க, வரவேற்பறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, எதிர் வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். படத்தில் மகளின் மூக்கும் ஒரு மெழுகுவத்தியும் மிக நன்றாக வந்திருந்தன.

படம் எடுக்கும் திறமை எங்கள் ரத்தத்திலேயே இல்லை. குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கேமரா வைத்திருந்தவர் மாமா ஒருவர்தான். விசேஷம் எதுவானாலும் அவர்தான் எடுப்பார். மூக்குக் கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டதென்று ஊர் நினைக்கும் என்று போடாமலே இருந்தார். கேமராவின் சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும்போது தலைகள் உள்ளே இருக்கின்றனவா இல்லையா என்பது அவருக்குக் கடைசிவரை ஊகம்தான். என் அக்கா கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் கழுத்துக்கு மேல் யாரும் இல்லை. பட்டுச்சேலை, மாலை, வேட்டிக்கரை, கால்கள் எல்லாம் வெகு துல்லியம். அந்த ஆல்பத்தை எடுத்தால் இன்றும் செருப்பை வைத்துத்தான் ஆள் சொல்கிறோம்.

"இந்த வெள்ளை வார் யாரு?"

"செகாமட் சித்தப்பா."

"பக்கத்துல வெறுங்காலு?"

"அதான் மாப்பிள்ளை."

இந்தப் பரம்பரையில் வந்தவன் கேமராவைத் தொட்டிருக்கவே கூடாது. நானும் உடனே தொடவில்லை. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. பொழுதுபோக்கு இல்லாத ஆண் ஓய்வு பெற்றதும் மனைவிக்குச் சமையல் சொல்லித்தர ஆரம்பித்துவிடுவான் என்று கேண்டீனில் யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து, இன்னும் பல வருஷம் இருக்கும்போதே, ஒரு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது.

முதலில் மீன் வளர்த்தேன். பெரிய கண்ணாடித் தொட்டி, பச்சை விளக்கு, வண்ண வண்ண மீன்கள். அவற்றில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் தின்று தீர்த்தது. மிஞ்சிய அந்த ஒன்றின் முன்னால் மாலையில் உட்கார்ந்து பார்ப்பது, பகலெல்லாம் பார்த்துவிட்டு வந்த எங்கள் மேனேஜரை மறுபடி பார்ப்பது போலவே இருந்தது. அடுத்து தொட்டியில் குட்டை மரம் வளர்க்கப் போனேன். ஆலங்கன்று ஒன்றைக் கம்பி கட்டி அடக்கி வைத்திருந்தேன். நான் ஷிப்டுக்குப் போயிருந்த சமயம், பாவம் மூச்சு முட்டுமே என்று என் மனைவி அதைக் கழற்றித் தரையில் நட்டுவிட்டாள். இப்போது அது எங்கள் வடிகாலையும் பக்கத்து வீட்டு வடிகாலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பிறகு சைக்கிள். இறுக்கமான கால்சட்டை, கையுறை, தலைக்கவசம் எல்லாம் வாங்கி ஒரு குழுவோடு கிளம்பினேன். போகும்போது சைக்கிளில் போனேன். திரும்பும்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரியில் குலைகளோடு குலையாக வந்தேன்.

சைக்கிளுக்கு அப்புறம்தான் கேமரா. அதோடு ஒரு சின்ன லென்ஸும் வந்தது. சோறு, மனிதர்கள், வீடு, பூனை எல்லாவற்றையும் எடுக்கக்கூடிய ஒழுங்கான லென்ஸ். நான்தான் பறவைப் படங்களைப் பார்த்து மயங்கி, அந்தச் சின்ன லென்ஸையும் சைக்கிளையும் சேர்த்துக் கொடுத்து, ஜொகூர் பாருவில் ஒருவரிடமிருந்து இந்தப் பெரியதை மாற்றிக்கொண்டேன். இவ்வளவு நல்ல லென்ஸை ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "முதுகு," என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்து ஷிப்ட் இல்லாத நாட்களில் செம்பனைத் தோட்டத்து ஓரங்களிலும் கடலோரச் சேற்று மரங்களுக்கு நடுவிலும் காத்துக் கிடந்தேன். பறவைகளுக்குத் தெரியாமல் இருக்க ராணுவ நிறத்தில் சட்டை, கால்சட்டை, பிடரி வரை துணி தொங்கும் தொப்பி. லென்ஸுக்கும் அதே நிறத்தில் உறை போட்டேன். கொசுக்களுக்கு நான் நன்றாகத் தெரிந்தேன். பறவைகளுக்கும் தெரிந்தேன் என்றுதான் நினைக்கிறேன். நான் தேடிக் கண்டுபிடித்து, குறி பார்த்து, மூச்சை அடக்குகிற வரை பறவை இருக்கும். பட்டனை அமுக்கும்போது இருக்காது. பறவை இப்போதுதான் விட்டுப்போன கிளைகள் என்று ஒரு வகை உண்டென்றால், அந்த வகையில் ஜொகூர் மாநிலத்திலேயே பெரிய சேகரிப்பு என்னுடையதாக இருக்கும்.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் ஆசையாகக் காட்டினேன்.

"இது என்னலா?" என்றார்.

"மீன்கொத்தி."

"எங்க?"

"இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப இல்ல."

"அப்ப இது மரம்லா," என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

இங்கே பெய்யும் மழைக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்று சொன்னார்கள். அதற்காக ஈரத்தை உறிஞ்சும் மின்சார அலமாரி ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வைத்தேன். கண்ணாடிக் கதவு, ஈரப்பதம் காட்டும் சின்னத் திரை எல்லாம் உண்டு. ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் மேல் தட்டில் அப்பளக்கட்டு, நடுத்தட்டில் முறுக்கு டின், கீழே லென்ஸ். "உங்க கண்ணாடி நல்லா இருக்கணும்னா முறுக்கு மட்டும் நமுத்துப் போணுமா?" என்றாள் மனைவி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முறுக்கு தீபாவளி கழிந்து பல வாரம் ஆகியும் மொறுமொறுவென்று இருந்தது. என் கேமராவில் மட்டும் இன்றுவரை லேசாகச் சீரக வாடை வரும்.

இப்படி நான் கிளைகளாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில்தான் பாய் என்னைக் கூப்பிட்டார்.

எங்கள் தாமான் என்கிற குடியிருப்பின் முகப்பில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர் பாய். அவருடைய வாப்பா ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்து ஆரம்பித்த கடை. பாய்க்கு அறுபது தாண்டியிருக்கும். கல்லாவில் உட்கார்ந்தபடியே யார் இன்னும் தண்ணீர் சொல்லவில்லை, எந்த மேசையில் கறி குறைந்திருக்கிறது என்று குரல் கொடுப்பார். வேலை முடிந்து வரும்போது நான் அங்கேதான் தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் டீ, குடிப்பேன். அன்று தோட்டத்திலிருந்து நேரே வந்ததால் லென்ஸும் கூட இருந்தது. நாற்காலியில் அதற்கும் ஓர் இடம் கொடுத்து உட்கார வைத்திருந்தேன். பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து அதைச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இது எவ்ளோ தூரம் புடிக்கும்?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குருவி உக்காந்திருந்தா, அதோட கண்ணு தெரியும் பாய்."

"அப்ப நம்ம மீன் தலைக் கறி?"

"அதுவும் தெரியும்."

"கண்ணோட?"

"கண்ணோட."

பாய் திருப்தியாகத் தலையாட்டினார். கடைக்குச் சாயம் அடித்துப் புது போர்டு மாட்டப் போவதாகவும், போர்டுக்காரர் எல்லாக் கடைக்கும் ஒரே கோழி படத்தையே போடுகிறார் என்றும், தன் கடை உணவைத் தன் கடையிலேயே எடுத்துப் போட வேண்டும் என்று நினைப்பதாகவும் சொன்னார். "இவ்ளோ பெரிய கேமரா நம்ம தாமான்லயே இருக்கு. நான் எதுக்கு வெளிய ஆள் தேடணும்?"

என்னால் மறுக்க முடியவில்லை. என் படத்தை ஒருவர் வேண்டுமென்று கேட்டது அதுதான் முதல்முறை.

வீட்டில் சொன்னேன்.

"அத போன்ல எடுத்தா ஆவாதா?" என்றாள் மனைவி.

"போன்ல எடுக்கறதுக்கு நான் எதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, மாலைக் கூட்டம் வருவதற்கு முன் உள்ள நேரத்தைப் பாய் குறித்துக் கொடுத்தார். நான் போனபோது கடை முகப்பில் வெயில் படுகிற இடத்தில் ஒரு மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். அதன் மேல் மீன் தலைக் கறி, பிரியாணி, பொரித்த கோழி, சம்பல் இறால், ரொட்டி சானாய், முர்தபா, மீ கோரெங். எல்லாம் ஆவி பறக்க வரிசையாக நின்றன. பாய் முதலில் எல்லாவற்றையும் ஒரே படமாக எடுக்க வேண்டும் என்றார்.

நான் கேமராவில் கண் வைத்தேன். ஒரே மூட்டம். பின்னால் போனேன். மீனின் கண் தெரிந்தது. கண் மட்டும். இன்னும் பின்னால் போனேன். கடையின் மற்ற மேசைகளைத் தாண்டி, வடிகால் பலகையைத் தாண்டி, நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களைத் தாண்டி, இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையையும் கடந்தேன். எதிர்வரிசையில் இருந்த தானியங்கிச் சலவைக்கடையின் கண்ணாடியில் முதுகு முட்டிய பிறகுதான் மேசை முழுதும் சட்டத்துக்குள் வந்தது.

அங்கே மூன்றுகால் தாங்கியை நிறுத்தினேன். வெயிலுக்கு ராணுவத் தொப்பியைப் போட்டுக்கொண்டேன். பாய் கடையில் பரிமாறுகிறவர் ராமநாதபுரத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். தட்டுகளை நகர்த்த அவரை நிறுத்திவிட்டு வந்திருந்தேன். கத்திக் கூப்பிட்டால் கேட்காது என்று கைப்பேசியில் அழைத்தேன்.

"அண்ணே, எங்க போய்ட்டீங்க?" என்றார்.

"எதிர்ல பாருங்க. தொப்பி போட்டிருக்கேன்."

கண்ணுக்கு மேல் கையை வைத்து அவர் என் பக்கம் பார்ப்பது லென்ஸில் பெரிதாகத் தெரிந்தது.

"அது யாரோ ஆர்மிக்காரவுக நிக்கிறாகண்ணே."

"நான்தான். அந்த இறால் தட்ட எடப்பக்கம் தள்ளுங்க."

"உங்க எடமா, என் எடமா?"

"என் எடம்."

"உங்களுக்கு இங்கன ஏதுண்ணே எடம், நீங்க ரோட்டுக்கு அங்கிட்டுல்ல நிக்கிறீக."

தட்டு ஒருவழியாக நகர்ந்தது. அதற்குள் எங்களுக்கு நடுவில் மோட்டார் சைக்கிள்கள் வர ஆரம்பித்தன. தொழிற்சாலைப் பக்கம் ஷிப்ட் மாறும் நேரம். வண்டி இல்லாத இடைவெளி பார்த்து அமுக்க வேண்டும். பறவைகளிடம் பழகிய பழக்கம், அமுக்கும்போது இடைவெளி போய்விட்டிருந்தது. தலைக்கவசத்திலிருந்து கோழிக்கால் முளைத்தது போல ஒருவரும், மடியில் பிரியாணியோடு போவது போல ஒருவரும், நிறைய நல்ல படங்கள் கிடைத்தன. பாய் கேட்ட படம் கிடைக்கவில்லை.

சலவைக்கு வந்த மலாய்ப் பெண்மணி ஒருவர் கூடையோடு என் பக்கத்தில் நின்று, நான் குறி வைத்திருக்கும் திசையைப் பார்த்தார். "அபாங், துங்கு சியாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்கிறார்.

"ஆயாம்," என்றேன். கோழிக்காக.

கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரும் சற்று நேரம் காத்திருந்தார்.

அப்போதுதான் பாய் கடையின் அக்கம்பக்கத்தில் ஏதோ நடப்பதைக் கவனித்தேன். இடப்பக்கம் இருந்த சீனக் காப்பிக்கடையில் அதுவரை கணக்கில்லாமல் கிடந்த காலி டின்கள் காணாமல் போயிருந்தன. கடைக்கார அம்மா நடைபாதையைச் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கத்து முடிதிருத்தகத்தில், எப்போதும் கைலியும் பனியனுமாக இருப்பவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, தரையில் இல்லாத முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் சுத்தமாகிக்கொண்டே போனது.

கைப்பேசி அடித்தது. பாய்.

"தம்பி, நகராண்மைக் கழகத்து ஆளு தூரத்துல இருந்து போட்டோ புடிக்கிறாருன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."

"நான்தான் பாய் அது. சொல்லுங்க அவங்ககிட்ட."

"சொல்லிட்டேன். நம்பல. அந்தக் காப்பிக்கடை அம்மா, 'நீ உள்ளாளு, அப்படித்தான் சொல்லுவே'ங்கறா." பாய் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கும் இருக்கட்டும்னு நம்ம சமையல்காரரையும் தொப்பி போடச் சொல்லிட்டேன்."

படங்களைக் கேமராவின் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி குறுக்கே வராத படங்களும் சரியாக இல்லை. வெயிலில் காய்ந்த தாரிலிருந்து சூடு எழும்பி, சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல நெளிந்தது. மீன் தலைக் கறியில் மீன் மறுபடி நீந்தப் போவதுபோல இருந்தது. நான் வெயிலைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஆவி அடங்கி, கறியின் மேல் எண்ணெய் படிந்து, ரொட்டி விறைத்துக்கொண்டிருந்தது. பாய் கல்லாவிலிருந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன்.

அப்புறம் மேகம் வந்தது. பிற்பகலில் எங்கள் ஊரில் மேகம் வருவது ஒன்றும் அதிசயமில்லை. சட்டென்று வெயில் இறங்கியது. காற்று குளிர்ந்தது. லென்ஸுக்குள் நெளிந்துகொண்டிருந்த மேசை, யாரோ பிடித்து நிறுத்தியதுபோல நின்றது. துணியின் இழை தெரிந்தது. மீனின் கண் தெரிந்தது. சாலையில் வண்டி ஒன்றுமில்லை.

பரிமாறுகிறவர் கைப்பேசியைக் காதில் வைத்தபடி மேசைக்கு முதுகைக் காட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, மழை வரும் போல இருக்குண்ணே."

அவருக்குப் பின்னால், மேசையின் மேல் ஒரு மைனா வந்து இறங்கியது.

அது பறந்து வந்த அவசரம் எதுவும் காட்டவில்லை. மஞ்சள் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து, பிரியாணியை ஒரு பார்வை, முர்தபாவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே நடந்து வந்தது. கல்யாண வீட்டில் பந்தி பார்க்க வரும் பெரிய மனிதர் மாதிரி இருந்தது. சம்பல் இறால் தட்டின் முன் நின்றது. தலையைச் சாய்த்து யோசித்தது. பெரிய இறாலாக ஒன்றை வால் பக்கம் பிடித்துத் தூக்கியது.

"அண்ணே, லைன்ல இருக்கீகளா?" என்றது கைப்பேசி.

நான் கண்ணை எடுக்கவில்லை. மூச்சும் விடவில்லை. பட்டனை அமுக்கினேன். பறவை இருந்தது. மறுபடி அமுக்கினேன். இன்னும் இருந்தது. கண்ணைச் சுற்றியிருந்த மஞ்சள் வளையம், அலகிலிருந்து சொட்டும் சிவப்புக் குழம்பு, கழுத்தில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தன. இத்தனை நாள் சேற்றில் நின்று கொசுவுக்கு ரத்தம் கொடுத்ததெல்லாம் இதற்குத்தானா என்று இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வியர்வையாகவும் இருக்கலாம்.

மைனா இறாலோடு கிளம்பியது. அது கிளம்பியதும் மழை கொட்டியது.

நான் லென்ஸைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினேன். சட்டைக்குள் பாதிதான் போயிற்று. பரிமாறுகிறவரும் சமையல்காரரும் மேசையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே இழுத்தார்கள். அதற்குள் மீன் தலைக் கறி விளிம்பு வரை நிறைந்துவிட்டது. முர்தபா மிதந்தது. புதுத் தொப்பியோடு நின்ற சமையல்காரர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பாயும் நானும் சின்னத் திரையில் படங்களைப் பார்த்தோம். தலைக்கவசமும் கோழிக்காலும். நெளியும் பிரியாணி. நெளியும் ரொட்டி. பாயுடைய மீசை மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் என் மனைவி குடையோடு வந்து சேர்ந்தாள். மழையில் நான் லென்ஸை விட்டுவிட்டு ஓடி வரமாட்டேன் என்று தெரிந்து காரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்ததும் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பாய், இன்னொரு தடவ தட்டு வெக்கச் சொல்றீங்களா? கொஞ்சம் கொஞ்சமா போதும்," என்றாள்.

காரின் முன்கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கும் வெள்ளி மடிப்பு அட்டையை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, விளக்கு வெளிச்சம் தட்டின் மேல் திரும்புகிற மாதிரி பிடிக்கச் சொன்னாள். கைப்பேசியைத் தட்டுக்கு மேலே நீட்டினாள். தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன, போயின. ஒரு தே தாரிக் ஆற்றிக் குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. அவள் எடுத்தவை உலக மகா படங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரொட்டி ரொட்டியாகத் தெரிந்தது. கோழி கோழியாகத் தெரிந்தது. பாயின் மீசை பழைய இடத்துக்கு வந்தது.

சமாதானத்துக்காக, "என்கிட்டயும் ஒன்னு நல்லா வந்திருக்கு பாய். ஆனா சாப்பாட்டுப் படம் இல்ல," என்று மைனாவைக் காட்டினேன்.

பாய் கேமராவைத் தன் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். தூரத்தில் பிடித்தார். மறுபடி கிட்டே கொண்டுபோனார்.

"தம்பி, இதான் போர்டுக்கு."

"பாய், இது பறவை. திருடித் திங்குது."

"அதத்தான் சொல்றேன். எல்லாக் கடைக்காரனும் 'எங்க சாப்பாடு நல்லா இருக்கும், எங்க சாப்பாடு நல்லா இருக்கும்'னு எழுதி வெக்கிறான். மனுசன் எழுதினா யார் நம்புவா? இங்க பாரு, இவ்ளோ தட்டு இருக்கு, நம்ம சம்பல் இறாலத் தேடி வந்து எடுத்திருக்கு. அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலியே."

நான் வேண்டாம் என்று இன்னொரு முறை சொன்னேன். ரொம்ப அழுத்திச் சொன்னேன் என்று சொல்ல முடியாது.

சில வாரம் கழித்து போர்டு ஏறியது. கடை அகலத்துக்கு நீண்ட போர்டு. ஓரங்களில் என் மனைவி எடுத்த படங்கள் வட்டம் வட்டமாக இருந்தன. நடுவில் மைனா. போர்டு அடித்தவருக்கும் அது பிடித்துவிட்டது போலிருக்கிறது, ஓர் ஆட்டுக்குட்டி அளவுக்குப் பெரிதாக்கியிருந்தார். பெரிதாக்கியதில் தட்டு வெளியே போய்விட்டது. இறாலும் பாதி போய்விட்டது. இறாலுக்காகப் பாய் எழுதச் சொன்ன 'இஸ்திமேவா', அதாவது 'ஸ்பெஷல்' என்று பொருள்படும் மலாய்ச் சொல், மைனாவின் காலுக்குக் கீழே சிவப்பில் வளைந்து நின்றது.

நான் சலவைக்கடை வாசலில் நின்று அதை நெடுநேரம் பார்த்தேன். தொழிற்சாலை நண்பரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார்.

"நீ எடுத்ததா?"

"ஆமா."

"அலமாக். பறவை இருக்கேலா," என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் மாலை பரிமாறுகிறவர் என்னை அழைத்தார். அன்று என் எண்ணை வாங்கி வைத்ததிலிருந்து கடையில் எது நடந்தாலும் எனக்குச் சொல்வது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

"அண்ணே, வாரவுகள்லாம் பறவை கேக்குறாக."

"என்ன பறவை?"

"போர்டுல இருக்கிறது. இப்பத்தான் சிங்கப்பூர் கார்ல ஒரு குடும்பம் வந்துச்சு. பறவை ஒன்னு எடுத்தா நாலு பேருக்குக் காணுமான்னு கேட்டாக."

"பறவை இல்லைனு சொல்லிடுங்க."

"சொன்னேண்ணே. இல்லைன்னா, முடிஞ்சுபோச்சான்னு கேக்குறாக. நாளைக்குச் சுருக்கா வாறோம்னு சொல்லிட்டுப் போறாக."

சொன்னபடி மறுநாள் சீக்கிரமே வந்திருக்கிறார்கள். அவர்களோடு புதிதாகச் சிலரும். இந்தக் கடையில் ஏதோ ஒரு பறவை செய்கிறார்களாம், மதியத்துக்குள் தீர்ந்துவிடுமாம் என்று பக்கத்துத் தாமான் வரை பேச்சு போயிருந்தது. பரிமாறுகிறவர் மேசை மேசையாகப் போய், அது வெறும் மைனா, விருந்துக்கு வந்ததுதான், விருந்தே அது இல்லை என்று விளக்கிக் களைத்துப் போனார். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, "சரிலா, எப்ப வந்தா கெடைக்கும்?" என்றார்கள். ஒருவர் தன் பெயரையே கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

போர்டை வைத்துச் சண்டை போடப் பாய் என் வீட்டுக்கு வரப்போகிறார் என்று இரண்டு நாள் எனக்குப் பயமாக இருந்தது. டீ குடிக்க அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவரே மோட்டாரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பொட்டலம். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"தம்பி, ஏன் கடைப் பக்கம் காணோம்?"

"கொஞ்சம் வேல பாய். போர்டால உங்களுக்கு ரொம்பத் தொந்தரவாமே."

"தொந்தரவு என்ன. பசியோட வர்றவன் பறவை கேட்டா, கோழிதான் இருக்குன்னு சொல்லி மூஞ்சிய வாட விடறதா?" என்றார். "குளுவாங் பக்கம் ஒருத்தர் காடை வளக்கிறாரு. வரச் சொல்லிட்டேன். மசாலா தடவிப் பொரிச்சுக் குடுக்கறோம். நேத்துல இருந்து ஓடுது. சமையல்காரருக்குக் கை ஓயல."

பொட்டலத்தில் இருந்தது காடைதான். சூடாக, வாழையிலையில். அதற்கும் ஒரு படம் வேண்டும் என்று வந்திருந்தார். மனைவியைப் பார்த்துக் கேட்கப் போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதுவும் பறவைதானே தம்பி. உங்க லைனு."

மனைவி சாப்பாட்டு மேசையில் தட்டை வைத்துக் காடைகளை அடுக்கினாள். ஒரு படம் அவள் கைப்பேசியில் எடுத்தாள். நான் வாசலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, எதிர் வீட்டுச் சுவரோரம் போய் நின்று ஒரு படம் எடுத்தேன். பாய் வாசலில் நின்று, வருகிற வண்டிகளை எனக்காக நிறுத்தி வைத்தார். இரண்டு படங்களையும் போர்டுக்காரருக்கு அனுப்பினார். மைனாவுக்குக் கீழே வட்டத்துக்குள் இப்போது இருப்பது யார் எடுத்தது என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்வதில்லை.

படம் முடிந்ததும் பாய் கிளம்பவில்லை. மனைவி டீ கலக்கினாள். மூன்று பேருமாக உட்கார்ந்து அந்தக் காடைகளைத் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது, மிளகு கொஞ்சம் தூக்கல். சமையல்காரரிடம் சொல்வதாகப் பாய் சொன்னார். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.